கற்பூரவள்ளிக் காடி போடும் பக்குவம்: கஞ்சிக் காடியில் போடலாமா, கடை வினிகரில் போடலாமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாயி கற்பூரவள்ளியும் துளசியும் ஊறிய காடி ஒன்றை ஜாடியில் வைத்திருப்பாராம். அடைமழைக் காலத்தில் சளி, இருமல் என்றால் வெந்நீரில் கலந்து கொடுப்பாராம். அப்பாயி காலமாகிவிட்டார், பக்குவம் தெரிந்தவர்கள் வீட்டில் யாரும் இல்லை. சோறு வடித்த கஞ்சியைப் புளிக்கவைத்து அதில் இலையைப் போட்டால் போதுமா, கடை வினிகரில் போடலாமா, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கும் கொடுக்கலாமா என்பவை அவர் கேள்விகள்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக வீட்டுக்கும் உறவுக்காரர்களுக்கும் இதைப் போட்டு வருகிறேன். கெடுத்தும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கஞ்சி விஷயம். கஞ்சிக் காடியில் மூலிகையைப் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். காடி என்கிற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ‘காடிக்கஞ்சி ஆனாலும் மூடிக் குடி’ என்கிறோமே, அது சோற்றுக்கஞ்சி புளித்த காடி. நெல் விளைகிற நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருந்தது அதுதான். அதில் இருக்கும் புளிப்பு லாக்டிக் அமிலம், தயிரில் இருக்கும் அதே புளிப்பு. அது நிலையாக நிற்காது. காலையில் இதமாக இருக்கும், மறுநாள் கடுக்கும், அதற்கு மறுநாள் மேலே ஆடை கட்டி வாடை அடிக்கும். அன்றன்றைக்குக் குடிக்க நல்லது. ஒரு பொருளை ஊறப்போட்டுக் காப்பாற்றி வைக்கும் வலு அதற்குக் கிடையாது. சித்த மருத்துவர்கள் மருந்துச் சரக்குகளைச் சுத்தி செய்யக் காடி பயன்படுத்துவார்கள், அது அவர்கள் பக்குவம். நாம் வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொரு காடி, கள் புளித்து வருவது. அதில் இருப்பது அசிட்டிக் அமிலம். கடையில் வினிகர் என்று விற்பதும் அதே வகைதான். உங்கள் அப்பாயியின் ஜாடி மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது என்றால் அது கள்ளுக்காடியாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தென்னங்கள்ளை அப்படியே விட்டுவிட்டால் சர்க்கரை முதலில் சாராயமாகும். பிறகு காற்றுப் படப்பட, அந்தச் சாராயத்தை வேறு ஒரு வகை நுண்ணுயிர் அமிலமாக மாற்றும். இதைச் செய்வது ஓர் உயிர்தான் என்று 1860-களில் லூயி பாஸ்டர் நிறுவினார். அதற்குப் பல நூறு வருடம் முன்பிருந்தே தென்னையும் பனையும் உள்ள ஊர்களில் பெண்கள் ஜாடி வாயில் துணி கட்டி, காற்றுப் போக விட்டு, இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அதோடு வீட்டுக் காடியும் போயிற்று. பக்குவம் உங்கள் வீட்டில் மட்டும் மறைந்துபோகவில்லை, தங்கை.

கள் இல்லையென்றால் வெல்லத்தண்ணியில் போடலாமே என்று கேட்பார்கள். பாபநாசம் தாலுகாவில் வீரமாங்குடி, கணபதி அக்ரகாரம் பக்கம் தை மாதத்துக்கு அச்சு வெல்லம் காய்ச்சுகிற ஊர்கள் இருக்கின்றன, நல்ல வெல்லம் கிடைக்கும். கணக்குப்படியும் சரிதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வெல்லம் போட்டால் முடிவில் ஐந்து சதவீதத்தை ஒட்டிய புளிப்பு வரவேண்டும். ஆனால் நடுவில் அது சாராய ஊறல் என்கிற நிலையைக் கடந்துதான் ஆகவேண்டும். ஊறல் போடுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். இன்னொன்று, அமிலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வீட்டில் நாக்கால் சொல்ல முடியாது. இரண்டு சதவீதமும் வாயில் புளிக்கும், ஐந்து சதவீதமும் புளிக்கும். மருந்தாகக் குடிக்கப் போகிற பொருளுக்கு அந்தக் குத்துமதிப்பு ஆகாது. அதனால் வினிகரை வாங்குங்கள், மூலிகையை நீங்கள் ஊறவையுங்கள்.

வாங்கும்போது சீசாவைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டு உணவு விதிப்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். நமக்கு அது போதாது, ஐந்து சதவீதம் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். ஆப்பிள், கரும்பு, தேங்காய் எதில் புளிக்கவைத்ததாக இருந்தாலும் சரி. சிந்தெடிக் வினிகர் என்று போட்டிருந்தால் அது தொழிற்சாலை அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. ஊறுகாய்க்கு ஓடும், மருந்துக்கு எனக்கு மனசு வராது. ஒருமுறை முன்பக்கம் பெரிய எழுத்தில் இயற்கை என்று போட்ட ஒரு சீசாவை வாங்கி வந்தேன். பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் அசிட்டிக் அமிலமும் தண்ணீரும் என்று இருந்தது. அன்றிலிருந்து கடையிலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன். அடர்த்தியான அசிட்டிக் ஆசிட்டை வாங்கி வீட்டில் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தொண்டையையும் உணவுக்குழாயையும் வேகவைத்துவிடும்.

இனி, இந்த வேலையில் மிக முக்கியமான ஒரு கணக்கு. இது தெரியாமல்தான் நான் ஒரு ஜாடியைக் கெடுத்தேன்.

ஓர் ஐப்பசி மாதம். நான்கு நாள் விடாத மழை. கொல்லையில் கற்பூரவள்ளி தளதளவென்று வளர்ந்து சுவரோரம் சாய்ந்து கிடந்தது. இவ்வளவு இலையும் வீணாகிறதே என்று ஆசைப்பட்டு, பறித்து, அலசி, ஈரம் உதறி, ஜாடியின் கழுத்துவரை அமுக்கி அரை லிட்டர் வினிகரை ஊற்றிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தேன். அடியில் இருந்த இலைகள் பழுப்பாகி நன்றாகத்தான் கிடந்தன. மேலே, தண்ணீருக்கு வெளியே தலைநீட்டிய நாலைந்து இலைகளின் ஓரத்தில் சாம்பல் பச்சையில் பஞ்சு மாதிரி பூஞ்சணம். முகர்ந்தால் காடி வாசம் பின்னால் போய், ஈரச்சுவர் வாடை முன்னால் வந்தது. முழுவதையும் தென்னைமரத்து அடியில் தோண்டிக் கொட்டினேன்.

என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து சதவீத வினிகர் அரை லிட்டரில் இருக்கும் அமிலம் 25 கிராம். கற்பூரவள்ளி இலை சதைப்பற்றானது, பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 200 கிராம் இலை போட்டால் 180 மில்லி தண்ணீர் மெல்ல மெல்ல வெளியே வந்து வினிகரோடு சேர்ந்துவிடும். 25 கிராம் அமிலம் இப்போது 680 மில்லியில் பரவுகிறது. ஐந்து சதவீதம் 3.7-க்கு இறங்கிவிட்டது. அதே அரை லிட்டரில் 40 கிராம் இலை மட்டும் போட்டிருந்தால் 4.6-க்குக் குறையாமல் நின்றிருக்கும். மூலிகை அதிகம் போட்டால் மருந்து அதிகம் என்று நினைப்போம். இங்கே காப்பாற்றுவது புளிப்பு. அதைத் தண்ணியாக்கிவிட்டு இலையை மட்டும் நம்பக்கூடாது.

அதனால்தான் அடைமழையில் பறித்த இலை வேண்டாம் என்கிறேன். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை நம் ஊரில் இலை காய நல்ல வெயில், காற்றில் ஈரம் கம்மி. அப்போது போட்டு, வடித்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மட்டுமே ஐப்பசி வரை வரும். வெளியே வைப்பதென்றால் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் ஆறு முதல் எட்டு மாதம். மழைக்காலத்துக்குப் புதிதாக வேண்டுமென்றால் ஆவணி, புரட்டாசியில் நாலு நாள் வெயில் அடிக்கும்போது இன்னொரு சீசா போட்டுவிடுங்கள்.

அரை லிட்டருக்கு நான் போடும் அளவு இது. நடுத்தரமான கற்பூரவள்ளி இலை பன்னிரண்டு, கிருஷ்ண துளசி ஒரு கைப்பிடி, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு ஒரு தேக்கரண்டி, சுண்டுவிரல் நீளம் சுக்கு, அதில் பாதி சித்தரத்தை. சுக்கையும் சித்தரத்தையையும் தட்டித்தான் போட வேண்டும், முழுசாகப் போட்டால் ஒரு மாதமானாலும் உள்ளே இருக்கும் காரம் வெளியே வராது.

இலையை ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொன்றாக, அடிப்பக்கத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். கற்பூரவள்ளி இலையின் முதுகில் சுணை இருக்கும், மண் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். வினிகர் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று நம்பிக் கழுவாமல் போடுவது தவறு, மண்ணோடும் சாணத்தோடும் வரும் சில கிருமிகள் புளிப்பிலும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். கழுவியதை வேட்டித்துணியில் பரப்பி ஒரு ராத்திரி மின்விசிறிக் காற்றில் விடுங்கள். காலையில் இலை குழைந்து, மடித்தால் ஒடியாமல் வளையும். அதுதான் பதம். துளசியும் அப்படியே.

கண்ணாடிச் சீசாவைத் தண்ணீரில் மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்து, சூடு இருக்கும்போதே இலையையும் சரக்கையும் போட்டுவிடுங்கள். வினிகரை எவர்சில்வர் பாத்திரத்தில் சூடாக்குங்கள். கொதிக்க வேண்டாம், ஓரத்தில் சின்னச் சின்ன முத்துக் குமிழ் வந்து ஆவி எழும்பினால் இறக்குங்கள், அது ஏறக்குறைய 90 டிகிரி. முகத்தைப் பாத்திரத்தின் மேலே கொண்டுபோகாதீர்கள், ஆவி கண்ணையும் மூக்கையும் பிடித்துக்கொள்ளும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். சூடான வினிகரை இலை முழுவதும் மூழ்க ஊற்றி, மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். ஊற்றிய உடனே கற்பூரவள்ளியின் பச்சை நிறம் கண்ணெதிரே மாறும். பாசிப்பருப்புத் தோல் மாதிரி ஒரு மங்கிய பழுப்புப் பச்சைக்கு வந்துவிடும். பயப்பட வேண்டாம், புளிப்புப் பட்டால் பச்சையம் அப்படித்தான் ஆகும்.

வெயில் படாத அலமாரியில் வையுங்கள். தினம் ஒருமுறை சீசாவைக் குலுக்கி, இலை மேலே மிதந்தால் சுத்தமான உலர்ந்த கரண்டிக்காம்பால் அமுக்கிவிடுங்கள். மூன்று வாரத்தில் ஊறிவிடும், நான்கு வாரம் விட்டால் இன்னும் கனமாக இருக்கும், அதற்கு மேல் விட்டால் இலை கரைந்து கசப்பு ஏறுகிறது. இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, இலையைப் பிழியாமல் தானாக வடியவிட்டு, வேறு ஒரு கொதிக்கவைத்த சீசாவில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டிவிடுங்கள்.

சூடாக்கினால் வினிகரில் இருக்கும் ‘மதர்’ செத்துவிடுமே என்று கேட்பீர்கள். மதர் என்பது காடியை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் நெய்யும் ஆடை. வினிகரை உண்டாக்க அது வேண்டும், ஏற்கெனவே வினிகரானதில் மூலிகை ஊற அது தேவையில்லை. சூடாக்காத வினிகரில் சில வாரத்தில் மேலே இளநீர் வழுக்கை மாதிரி வழவழப்பாக, வெள்ளையாக ஓர் ஆடை படிந்தால் அது மதர்தான், கெடுதல் இல்லை. பஞ்சுபோல் முளைத்திருந்தால், பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் தெரிந்தால் பூஞ்சணம், மேலாக எடுத்துப்போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்காமல் முழுவதையும் கொட்டுங்கள். மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று வந்தால் அதுவும் கொட்ட வேண்டியதுதான், உள்ளே வேறு எதுவோ புளிக்கிறது என்று அர்த்தம்.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரம் நமக்கெல்லாம் உயிர். ஆனால் காடியை அதில் வைக்கக்கூடாது, செம்பிலும் கூடாது. புளிப்புப் பட்டால் பச்சைக் களிம்பு ஏறும், அது விஷம். அலுமினியமும் வேண்டாம். சீசாவுக்கு இரும்புத்தகட்டு மூடி போட்டால் இரண்டு வாரத்தில் உள்பக்கம் துரு இறங்கும். தக்கை மூடியோ நல்ல பிளாஸ்டிக் மூடியோ போடுங்கள்.

வேறு மூலிகைகளும் போடலாம். பூண்டு நன்றாக ஊறும். நான்கைந்து நாளில் பூண்டுப்பல் நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் கெட்டுவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள், பூண்டின் கந்தகச் சத்தும் அமிலமும் சேர்ந்தால் வரும் நிறம் அது, ஒன்றும் செய்யாது. ஆனால் அதே பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைத்துவிடாதீர்கள். எண்ணெயில் புளிப்பும் இல்லை, காற்றும் புகாது, போட்டுலினம் என்கிற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி அங்கே வளரும். வினிகரின் புளிப்பில் அது வளராது. சங்குப்பூவைப் போட்டால் நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்புக்கு வரும், பிள்ளைகளுக்குப் பார்க்க ஆசையாக இருக்கும். ராஜகிரி, பண்டாரவாடைக் கொடிக்கால் வெற்றிலையும் போட்டுப் பார்த்திருக்கிறேன், காம்பு கிள்ளி இரண்டே இலை போதும், அதற்கு மேல் காரம் தாங்காது. பிரண்டையைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் ஊசி ஊசியாக இருக்கும் உப்புத்தான் தொண்டையை அரிக்கும். ஆடாதோடை இருமலுக்குப் பேர்போனது, ஆனால் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் குணம் அதற்கு உண்டு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பொதுச் சீசாவில் அதைக் கலந்து வைக்கவே வேண்டாம்.

நாகூரில் என் சிநேகிதி வீட்டில் வினிகருக்குச் சிர்கா என்றுதான் பெயர். அதில் தேனைச் சேர்த்துச் செய்யும் பாகு யுனானி மருத்துவத்தில் சிக்கஞ்சபீன். தேனும் புளித்த காடியும் சேர்ந்த இந்தக் கூட்டு கிரேக்க வைத்தியத்திலிருந்தே வருகிறது, ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களிலும் இருக்கிறது. வடித்த கற்பூரவள்ளிக் காடியில் சம அளவு தேன் கலந்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், நெடியும் அடங்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, எதில் கலந்தாலும் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் காடியையே நான் கொடுப்பதில்லை. அவர்களுக்குக் கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்த சாறு இரண்டு சொட்டு போதும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் இரண்டு, ஒரு டம்ளர் வெந்நீரில் கலந்து, சாப்பிட்ட பிறகு. தண்ணீர் கலக்காமல் ஒருபோதும் விழுங்கக்கூடாது. குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், அரைமணி நேரத்துக்குப் பல் துலக்காதீர்கள், புளிப்பில் இளகிய பல் எனாமல் தேய்ந்துவிடும். வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

இது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கற்பூரவள்ளியில் இருக்கும் மணச்சத்து ஓமத்தில் இருப்பதன் உறவுதான். மூக்கடைப்பில், தொண்டைக் கரகரப்பில் இதமாக இருக்கும், வெந்நீரும் தேனும் சேர்ந்தால் இன்னும். சளியைக் குணமாக்கும் மருந்து என்று நான் சொல்லமாட்டேன். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் காடியை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசு கிடையாது. காசநோயைக் கைவைத்தியத்தில் தள்ளிப்போட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் அப்பா விஷயம். சாப்பாட்டோடு வினிகர் சேர்த்தால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை ஓரளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. அளவு சிறியது. மாத்திரைக்கு மாற்றாகாது. அவர் இன்சுலின் போடுபவராக இருந்தால், அல்லது சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிட்டால், இரண்டும் சேர்ந்து தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். நீர் பிரிவதற்கு மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கும் ஆபத்து இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், தினம் ஒரு தேக்கரண்டி வினிகர் குடிக்கலாமா என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். சரி என்றால் மட்டும் கொடுங்கள், தேன் கலக்காமல்.

அப்பாயியின் ஜாடி இன்னும் வீட்டில் இருக்கிறது என்றால் அதில் காடி ஊற்ற உங்களுக்கு ஆசையாக இருக்கும், எனக்கும் இருந்தது. உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பழைய பீங்கானின் மெருகில் ஈயம் சேர்ந்திருப்பது உண்டு, மெருகில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் புளிப்பு அதை இறக்கிவிடும். எங்கள் அம்மாச்சியின் ஜாடியில் அப்படி நாலைந்து கோடுகள் ஓடுகின்றன. அதில் இப்போது மிளகாய் வற்றல் போட்டு வைத்திருக்கிறேன்.